திரும்பி வராத படிவங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளியிலிருந்து பிள்ளை கொண்டுவரும் ஆய்வு ஒப்புதல் படிவத்தை, அப்புறம் பார்க்கலாம் என்று ஓரமாக எடுத்து வைத்துவிடும் பெற்றோர் பலர். அவர்களுக்காகவும் அந்தப் படிவத்தை எழுதி அனுப்புவோருக்காகவும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளாகப் பகுதிநேர ஆய்வு உதவியாளராக வேலை பார்க்கிறேன். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுப்பது, உட்கார்ந்து பேசுவது, பதிவு செய்ததைக் கேட்டு எழுதுவது என் வேலை. வீட்டில் யாரிடம் என்ன மொழி பேசுகிறாய், இடைவேளையில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய், துணைப்பாட வகுப்புக்குப் போகிறாயா என்பது போன்ற சமூகவியல் கேள்விகள்தான்.

இதற்காக நினைத்த நேரத்தில் பள்ளிக்குள் நுழைந்துவிட முடியாது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு, கல்வி அமைச்சு, பள்ளி முதல்வர், பெற்றோர், கடைசியில் பிள்ளை என்று எல்லாரும் சரி சொல்ல வேண்டும். அதில் எனக்குக் குறையே இல்லை. பிள்ளைகள் விஷயம், அப்படித்தான் இருக்க வேண்டும். அனுமதிகள் வந்து சேரும்போது பள்ளி நாட்காட்டியில் இடம் இருக்காது. ஒரு தவணைக்குப் பத்தே வாரம். ஆகஸ்டில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழித் தேர்வு, செப்டம்பர் கடைசியில் எழுத்துத் தேர்வு தொடங்கிவிடும். ஆசிரியரிடம் ஒரு பாடவேளை கேட்கவே வாய் வராது. இதையெல்லாம்கூட எப்படியோ சமாளித்துவிடுகிறோம். சமாளிக்க முடியாதது திரும்பி வராத படிவம்.

ஒரு தொடக்கப்பள்ளியில் தொடக்கநிலை ஐந்தில் தமிழ் படித்தவர்கள் 11 பேர். 11 படிவங்கள் கொடுத்தோம், நான்கு திரும்பின. பெயர்களைப் பார்த்த தமிழாசிரியர், “இவங்க நாலு பேரும் எதைக் கொடுத்தாலும் மறுநாளே கொண்டு வந்துடுவாங்க. நீங்க யார்கிட்ட பேசணுமோ அவங்க படிவம்தான் வரலை” என்றார்.

வராதவர்களில் ஒரு பையன் படிவத்தை நாலாக மடித்துத் தமிழ்ப் பயிற்சிநூலுக்குள் வைத்திருந்தான். அம்மாவுக்கு இரவு வேலை, வீட்டில் பாட்டிதான். நான்கு பக்கமும் ஆங்கிலம், பாட்டிக்கு ஆங்கிலம் வராது. அன்று பள்ளி விட்டதும் ஆசிரியர் என்னை வாசலுக்கு அழைத்துப்போய் அந்தப் பாட்டியிடம் பேசச் சொன்னார். பாட்டி படிவத்தை வாங்கிப் புரட்டிவிட்டு மூன்றே கேள்வி கேட்டார். “இதுல கையெழுத்துப் போடலன்னா பிள்ளையை ஏதும் சொல்வாங்களா? போட்டா வீட்டு வருமானத்தைக் கேட்பாங்களா? அவன் பேரு வெளிய வருமா?”

நெறிமுறைக் குழு கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். மூன்றுக்குமே படிவத்தில் பதில் இருந்தது, மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். நான் தமிழில் சொன்னேன். மறுநாள் அம்மாவின் கையெழுத்தோடு படிவம் வந்தது.

அந்தப் பையன் கேள்வித்தாளை நிரப்பியதை இன்றும் மறக்க முடியவில்லை. முதலில், “இது டெஸ்டா ஆன்ட்டி?” என்று கேட்டான். இல்லை என்றேன். ‘வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி’ என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் குறியிட்டான், அழிப்பானால் அழித்தான், தமிழில் போட்டான், அதையும் அழித்தான். தாள் கசங்கிப்போனது. பிறகு ஓரத்தில் பென்சிலால் எழுதினான்: பாட்டியிடம் தமிழ், அம்மாவிடம் ரெண்டும், தம்பியிடம் இங்கிலிஷ், கோபம் வந்தால் தமிழ்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகமாகப் பேசுவது ஆங்கிலம். தமிழ் 2.5 விழுக்காடு. இந்த எண்ணைக் கேட்டுத் தமிழ் போய்விட்டது என்று வருந்துகிறோம். ஆனால் ஆங்கிலம் என்று சொன்னவர்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் வீட்டில் ஒரு தாய்மொழியும் பேசுவதாக அதே கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தத் தமிழ் யாரிடம், எந்த நேரத்தில் வாயில் வருகிறது என்பது பையன் பென்சிலால் எழுதிய அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. பாட்டி வாசலுக்கு வராமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

கடைசியில் அந்தப் பள்ளியில் சேர்ந்தது ஐந்து படிவங்கள். ஐந்து பேரை வைத்துத் தனியாக எழுதினால் இன்னார் என்று பள்ளியில் உள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அறிக்கையில் அவர்களை ‘இந்தியர்’ என்ற கட்டத்தில் சேர்த்துவிட்டோம். இந்தி, பஞ்சாபி, உருது படிக்கும் பிள்ளைகளும் அதே கட்டத்தில்தான். தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி அந்த அறிக்கையால் எதுவும் சொல்ல முடியவில்லை. மீதி ஆறு பேர் வேண்டாம் என்று சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. அவர்களை யாரும் சரியாகக் கேட்கவேயில்லை.

ஆய்வு நடத்துவோரிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. பாட்டியின் மூன்று கேள்விகளுக்கும் பதிலை ஒரே பக்கத்தில், பேசுகிற தமிழில் எழுதிப் படிவத்தின் மேலே வையுங்கள். படிக்க வராதவர்கள் கைப்பேசியில் கேட்கும்படி அதையே இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். ‘சம்மதமில்லை’ என்று குறியிடவும் ஓர் இடம் விடுங்கள். அப்போதுதான் மறுத்தவர் யார், படிவமே போய்ச் சேராதவர் யார் என்று தெரியும்.

பெற்றோரே, புரியாவிட்டால் தமிழாசிரியரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் தாராளமாக வேண்டாம் என்று எழுதுங்கள், உங்கள் பிள்ளையை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

சில மாதம் கழித்துத் தேக்கா சந்தையில் அந்தப் பாட்டியைப் பார்த்தேன். “பேரன் சொன்னதை வச்சு என்னம்மா எழுதினீங்க?” என்று கேட்டார். அறிக்கை ஆங்கிலத்தில் வெளிவந்திருந்தது, அவரிடம் கொடுக்க என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. இப்போது வேலை செய்யும் ஆய்வில், முடிவுகளையும் ஒரு பக்கத் தமிழில் எழுதிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எழுதித்தரவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்