ஹார்க்னஸ் ஐயாவுக்கு, உங்கள் மேசை பற்றி

மதிப்பிற்குரிய எட்வர்ட் ஹார்க்னஸ் ஐயா,

நீங்கள் 1940இல் காலமானவர். ஆனால் உங்கள் பெயர் இன்னும் பள்ளிக்கூட இணையதளங்களில் ஓடுகிறது. "எங்களிடம் ஹார்க்னஸ் முறை", அதாவது ஆசிரியரும் மாணவர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் படிக்கும் முறை, என்று எழுதி, பக்கத்தில் பளபளவென்று ஒரு நீள்வட்ட மேசையின் படமும் போடுகிறார்கள். மேசை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு! அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பணம் கொடுத்த பிலிப்ஸ் எக்ஸெட்டர் அகாடமி என்ற பள்ளி, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜான் பிலிப்ஸ் என்ற வணிகர் 1781இல் நிறுவியது. அறிவில்லாத நல்ல குணம் பலவீனம், நல்ல குணமில்லாத அறிவு ஆபத்து என்று தானப் பத்திரத்திலேயே எழுதி வைத்த மனிதர். ஆரம்பத்தில் விடுதி கிடையாது. வெளியூர்ப் பையன்கள் ஊர்க்காரர்கள் வீட்டில் தங்கிப் படித்தார்கள்.

கல்லூரிக்குத் தயார் செய்வதுதான் பள்ளியின் வேலை. 1859இல் ஹார்வர்ட் நுழைவுத் தேர்வில் பெரும்பாலான பாடங்களில் கோட்டை விட்ட ஒரு பையன் இங்கே வந்தான். ஒரு வருடம் உட்கார்ந்து படித்து, அடுத்த வருடம் ஹார்வர்டில் சேர்ந்தான். நம்மூர்க் கணக்கில் நீட் ரிப்பீட்டர். பெயர் ராபர்ட் லிங்கன். அவனைப் பார்க்க 1860இல் எக்ஸெட்டருக்கு வந்த அப்பா, அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்க அதிபர் தேர்தலில் வென்றுவிட்டார்!

அடுத்து உங்கள் கதை. ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தின் பங்குகளால் அப்பா சேர்த்த சொத்து உங்களிடம் வந்தது. பள்ளி முதல்வர் லூயிஸ் பெர்ரி முதலில் கொண்டுவந்த திட்டத்தில் புதுமை போதாது என்று திருப்பி அனுப்பினீர்கள். சுமாராகப் படிக்கிறவனும் வாய் திறக்க வேண்டும், ஆசிரியரோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச வேண்டும் என்பது உங்கள் ஆசை. 1930இல், பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய நேரத்தில், 58 லட்சம் டாலர் கொடுத்தீர்கள்.

ஒரு மேசைக்குப் பன்னிரண்டு பேர் அளவில் வகுப்பு. ஆசிரியரும் அதே மேசையில். கடைசி பெஞ்ச் என்ற இடமே இல்லை. தேர்வு எழுத மட்டும் மேசைக்கு அடியிலிருந்து பலகையை இழுத்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 48 பேர் இருக்கும் ஒரு வகுப்பை இப்படிப் பிரித்தால் நான்கு ஆசிரியர்கள் வேண்டும். மர வேலை சில்லறைச் செலவு. வருடா வருடம் சம்பளம் கொடுப்பதுதான் செலவு. உங்களைக் காப்பியடிப்பவர்கள் இந்த இடத்தில்தான் நழுவிவிடுகிறார்கள்.

நீங்கள் பார்க்காத இரண்டு விஷயங்கள். 1970இல் மாணவிகளும் அந்த மேசைக்கு வந்தார்கள். அடுத்த சில வருடங்களில், அகமதாபாத் ஐஐஎம்மை வடிவமைத்த லூயி கான் கட்டிய நூலகமும் திறந்தது. உள்ளே கான்கிரீட்டில் மாபெரும் வட்டங்கள். வெளிச்சுவரை ஒட்டி ஜன்னலோரம் தனித்தனியாக உட்கார்ந்து படிக்க மர இருக்கைகள். நாள் முழுக்க மேசையில் பேசித் தீர்த்த பிள்ளைக்கு அது அவசியம்தான்.

ஒரு குறை மட்டும் சொல்கிறேன். இன்று விடுதியில் தங்கிப் படிக்க வருடத்துக்கு 60,000 டாலருக்கு மேல். 75,000 டாலருக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு இலவசம் என்று 2007இல் அறிவித்தார்கள், மெச்ச வேண்டியதுதான். ஆனால் வடிகட்டித்தான் சேர்க்கிறார்கள். நீங்கள் நினைத்த அந்தச் சுமாரான, கூச்ச சுபாவப் பையன் இப்போது விண்ணப்பித்தால் இடம் கிடைக்குமா? பெர்ரியின் முதல் திட்டம் போல இந்தச் சேர்க்கை முறையையும் திருப்பி அனுப்பியிருப்பீர்களோ?

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியர்