பலூன் விட ஆள் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்க அரசின் ஆட்குறைப்பு பற்றி எழுதும்போது எல்லோரும் எண்ணிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். 2025 பிப்ரவரி 27 அன்று கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவில் நூற்றுக்கணக்கானோருக்கு மின்னஞ்சலிலேயே வேலை போனது, காரணம் அவர்கள் தகுதிகாண் பருவத்தில் இருந்தார்களாம். தகுதிகாண் பருவம் என்றதும் நேற்று வந்த பையன்கள் என்று நினைத்துவிட வேண்டாம், பல வருடம் வேலை பார்த்துப் பதவி உயர்வில் புதிய இடத்துக்குப் போனவர்களும் அதில் உண்டு. மார்ச்சில் நீதிமன்றம் சொல்லித் திரும்ப எடுத்தார்கள், ஏப்ரலில் மேல் நீதிமன்றங்கள் அந்த உத்தரவை நிறுத்தி வைத்ததும் மறுபடி அனுப்பிவிட்டார்கள். பந்தாடுவது என்றால் இதுதான்.

சரி, ஆள் போனால் என்ன நின்றுபோகும்? வானிலை பலூன். ஒருவர் வெளியே வந்து, வாயு நிரப்பி, கீழே ஒரு சின்னக் கருவியைக் கட்டி, தினம் இரண்டு தடவை பறக்கவிட வேண்டும். அது 30 கிலோமீட்டர் உயரம் வரை போய் வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் எல்லாம் அனுப்பும். அலாஸ்காவின் கொட்செபூவில் ஆள் பற்றாக்குறையால் அதையே நிறுத்தினார்கள், அப்புறம் நெப்ராஸ்காவின் ஒமாஹாவிலும். ஆகஸ்டில், நோவாவின் கீழ் இயங்கி இந்த பலூன்களை விடும் தேசிய வானிலை சேவைக்கு 450 பேர் வரை எடுக்க அனுமதி கிடைத்தது. வேண்டாம் என்று அனுப்பிய அதே வருடத்தில்!

இப்படிக்கு,
ஒரு வாசகர்