சனிக்கிழமை திரையிடலுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்' படத்தை நம் ஊர் நூலக மாடியில் தமிழ் வசனவரிகளோடு பார்க்க முடிந்ததென்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். ஆட்டம் எகோயன் 1997இல் எடுத்த கனடியப் படம். குளிர்காலச் சிற்றூர் ஒன்றில் பள்ளிப் பேருந்து சறுக்கி, உறைந்த ஏரியில் மூழ்குகிறது. அப்புறம் ஒரு வக்கீல் வந்து, பிள்ளைகளை இழந்தவர்களின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறார்.

'நெக்லிஜென்ஸ்' என்பதற்குச் சொல் தேடியே எனக்கு மூன்று நாள் போனது. நம் வக்கீல் ஐயா கோர்ட்டு முடிந்து கட்டுக்கட்டாய்க் காகிதத்தோடு நேரே வீட்டுக்கு வந்தார். "கவனிக்காம விட்டா கவனக்குறைவு. தெரிஞ்சே விட்டா அலட்சியம்" என்றார். அதோடு முடிச்சு அவிழ்ந்தது. பேருந்து செய்ததில் பத்து சென்ட் போல்ட்டில் மிச்சம் பிடித்தவனைத் தேடும் படத்து வக்கீலுக்கு 'அலட்சியம்' என்று எழுதினேன். ஓட்டுநர் டோலரஸ் பேசும் இடங்களில் இரண்டையுமே எழுத மனம் வரவில்லை. பேருந்து 72 மைல் வேகத்தில் போனது என்று, விபத்தில் உயிர் தப்பிய மாணவி நிக்கோல் பொய் சொல்லும் காட்சியில் அரங்கில் எழுந்த முணுமுணுப்பைக் கேட்டபோது, எழுதாமல் விட்டது சரிதான் என்று தோன்றியது.

நமக்கு எல்லாமே பனிதான். கொட்டுவது வேறு, உறைந்து கிடப்பது வேறு என்று இரவு ஒரு மணிக்கும் போனில் பொறுமையாக விளக்கிய டொராண்டோ தோழிக்கு நன்றி. படத்துக்குப் பிறகு நாம் பேசிய பேச்சு முடியும்வரை விளக்கை அணைக்காமல் காத்திருந்த நூலகர் அம்மாவுக்கும் நன்றி. அந்தப் பேச்சின் நடுவில் யாரோ "கும்பகோணம்" என்றார். 2004 ஜூலை 16, பள்ளித் தீயில் 94 பிள்ளைகள். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பள்ளி வேன் ஓட்டும் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்காலி இறக்க வந்தவர், படம் பார்க்கவும் உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் அந்த மஞ்சள் பேருந்து பனிக்கட்டி மேல் போய் நிற்கிறது. ஒரு கணம் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு உடைகிறது. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். பத்து நிமிடம் கழித்து வந்து, கடைசிவரை கதவோரம் நின்றே பார்த்தார். முடிந்ததும் அத்தனை நாற்காலிகளையும் அவரே வேனில் ஏற்றினார். வாடகை கொடுத்தேன், வாங்கவில்லை. "திங்கக்கிழமை காலையில வண்டிய ஒரு தடவ மெக்கானிக்கிட்ட காட்டிடுறேன்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணே, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.