முடிவெடுப்பதற்கு முந்தைய நாள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பள்ளி, கல்லூரிகளில் தலைமைப் பண்புப் பயிற்சி முகாம்கள் அடிக்கடி நடைபெறுகின்றன. அவற்றை நடத்துவோரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் கூச்சமின்றிப் பேசுவதும், விரைந்து முடிவெடுப்பதும், எடுத்த முடிவில் அசையாமல் நிற்பதுமாகவே இருக்கிறது. ஒரு முடிவு நல்ல முடிவாக அமைய வேண்டுமானால் அதற்கு முந்தைய நாள்களில் ஒருவருடைய மனத்துக்குள் என்னென்ன நடந்தாக வேண்டும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதைக் கற்பிப்பதற்கு வெளிநாட்டு நிறுவனத் தலைவர்களின் வாழ்க்கையைத் தேடிப் போக வேண்டியதில்லை. மேலமாசி வீதியில் 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்த ஒன்று, அதை முழுமையாகச் சொன்னால், போதுமானது.

அந்த மாதம் 22ஆம் நாள் காலை காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் நீண்ட வேட்டியையும் துறந்து அரையாடையுடன் வெளியே வந்தார் என்பது மதுரையில் சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் நாம் அதைச் சொல்லும் விதத்தில்தான் குறை இருக்கிறது. ஏழை விவசாயிகளைக் கண்டார், மனம் உருகினார், உடனே ஆடையைக் களைந்தார் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். இப்படிச் சொல்லும்போது அது ஒரு நொடியில் பொங்கிய உணர்ச்சியாகிவிடுகிறது. கேட்கும் மாணவனும், பெரிய மனிதர்கள் பெரிய முடிவுகளை இப்படித்தான் சட்டென்று எடுப்பார்கள் போலும் என்று எண்ணிக்கொள்கிறான். அவரே பின்னர் எழுதிய விளக்கம் இதற்கு நேர்மாறானது.

ஆடையைக் குறைத்துக்கொள்ளும் எண்ணம் அதற்கு முன்பே இரண்டு முறை அவருக்கு வந்திருக்கிறது. குல்னா பகுதி மக்கள் பஞ்சத்தில் உடுக்கத் துணியின்றி வாடும்போது நீங்கள் அந்நியத் துணிகளைத் தீயிலிடுகிறீர்களே என்று வங்காளத்தில் ஒருவர் குத்திக்காட்டியபோது, தம் சட்டையையும் வேட்டியையும் அவர்களுக்கே அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அந்த எண்ணத்தில் தன்முனைப்பு கலந்திருப்பதைக் கண்டு தம்மை அடக்கிக்கொண்டார். மறுபடியும், விசாகப்பட்டினத்தை ஒட்டிய வால்டேரில் தம் கண்ணெதிரே கிலாபத் இயக்கத் தலைவர் மௌலானா முகமது அலி கைதுசெய்யப்பட்டவுடன் ஒரு கூட்டத்தில் பேசச் சென்றபோது அதே எண்ணம் எழுந்தது. அந்த நேரத்தில் அப்படிச் செய்தால் அது வெறும் பரபரப்பாகிவிடும் என்று அஞ்சி அப்போதும் விட்டுவிட்டார். செயல் சரியானதாகவே இருந்தாலும், அதைச் செய்யத் தூண்டும் உணர்ச்சி தூய்மையானதுதானா என்று இரண்டு முறை சோதித்து இரண்டு முறையும் பின்வாங்கிய ஒருவரை எந்த முகாமில் தலைவருக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்?

மூன்றாவது முறை, தமிழ்நாட்டுப் பயணத்தின்போது, அவரை எதிர்கொண்டது உணர்ச்சி அன்று, ஒரு வாதம். கதர் போதிய அளவு கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வாங்கப் பணமில்லை, அந்நியத் துணியைத் துறந்துவிட்டு நாங்கள் எதை உடுத்துவது என்று மக்கள் கேட்டார்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த ரயிலில் இதே பதிலைச் சொன்னவர்களோ விலையுயர்ந்த அந்நியத் துணியில் பகட்டாக உடுத்தியிருந்தவர்கள். நம்மில் பலர் அந்த இடத்தில் இருந்திருந்தால், இது வெறும் சாக்கு என்று தள்ளிவிட்டிருப்போம். தள்ளுவதற்கு நியாயமும் இருந்தது. ஆனால் அவர், சொன்னவர்கள் யார் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, சொல்லப்பட்டதில் எவ்வளவு உண்மை என்று பார்த்தார். அவர்கள் வாயில் அது அரை உண்மை. கோவணம் மட்டுமே உடுத்திய கோடிக்கணக்கானோரின் உடம்பில் அது முழு உண்மை. தெளிந்த சிந்தனை என்று நான் கருதுவது இதைத்தான். தட்டிக்கழிப்பவர் சொல்லும் சாக்கிலும் ஓர் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அவர்மீது எழும் எரிச்சலில் அந்த உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடாமலிருக்க மிகுந்த பயிற்சி வேண்டும்.

நண்பர்களிடமும் அவர் கலந்து பேசினார். இராஜாஜியும் டாக்டர் ராஜனும் உடனிருந்தவர்கள் பலரும் தயங்கினார்கள். மக்களுக்குப் புரியாது, சிலர் உங்களைப் பித்துப்பிடித்தவர் என்றுகூட நினைப்பார்கள், இதைப் பிறர் பின்பற்றுவது கடினம் என்றெல்லாம் அவர்கள் சொன்னதை அவர் மறைக்கவில்லை. தம் கட்டுரையிலேயே எழுதிவைத்திருக்கிறார். நான்கு நாள்கள் அந்த மறுப்புகளை மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தார். இதற்கிடையே, கதர் கிடைக்காவிட்டால் அரைத்துணியோடு இருங்கள், அந்நியத் துணியை மட்டும் விடுங்கள் என்று மேடைகளில் பேசவும் தொடங்கினார். ஆனால் தாம் முழு வேட்டியும் சட்டையும் அணிந்துகொண்டு அப்படிச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு வலுவில்லை என்பதையும் அவரே உணர்ந்தார். அந்த உறுத்தல் முற்றியபோதுதான் மதுரையில் முடிவு பிறந்தது. அப்போதும் அவர் அதை வாழ்நாள் விரதமாக அறிவிக்கவில்லை. முதலில் அக்டோபர் 31 வரை என்று கெடு வைத்தார். உடன் பணியாற்றுவோர் யாரும் தம்மைப்போல் உடுத்த வேண்டியதில்லை, இதன் பொருளை உணர்ந்தால் போதும் என்றும் சொன்னார். தம் உடம்பில் முதலில் சோதிப்பது, கால எல்லை வகுத்துக்கொள்வது, பிறர்மீது திணிக்காமலிருப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, வாழ்வின் இறுதிவரை அந்த முடிவு ஏன் நிலைத்தது என்பது விளங்குகிறது.

இதே ஊரில் இதற்கு எதிரான பாடமும் உண்டு. கோவலனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொன்ன பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். ஊடியிருந்த அரசியைத் தேற்ற அவன் அந்தப்புரத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்த நேரத்தில், பொற்கொல்லன் ஒருவன் குறுக்கிட்டுச் சொன்னான். சொன்னவனே திருடன் என்பதை அறியாமல், ஒருவன் சொல்லை மட்டும் கேட்டு, வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்த மனத்தோடு ஆணையிட்டான். பின்னர் கண்ணகி வந்து நின்றபோது, உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்க ஒரு சிலம்பை உடைத்ததே போதுமானதாக இருந்தது. அவ்வளவு எளிய சோதனையை முன்பே செய்திருக்கலாம். தவறு வெளிப்பட்டதும் ஒரு சொல்கூடச் சமாதானம் பேசாமல் ஏற்றுக்கொண்டு உயிர்விட்டதால் அவனை நாம் மதிக்கிறோம். ஆனாலும் கோவலன் திரும்பி வரவில்லை.

1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சாதியின் பெயரால் அதுவரை தடுக்கப்பட்டிருந்த மக்களை அழைத்துச் சென்ற வைத்தியநாத ஐயரையும் இங்கே குறிப்பிட வேண்டும். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்து பின்னாளில் அமைச்சரான கக்கனும் அன்று உள்ளே சென்றவர்களுள் ஒருவர். தம் சொந்தச் சமூகத்தாரின் கடும் எதிர்ப்பையும் தாங்கித்தான் ஐயர் அதைச் செய்தார். அதற்கு முன் மதுரைக்கு வந்தும் அந்தக் கோயிலுக்குள் செல்லாதிருந்த காந்தியடிகள், கதவு எல்லோருக்கும் திறந்த பிறகு 1946இல்தான் உள்ளே சென்று வழிபட்டார்.

இவையெல்லாம் பெரியவர்களின் கதைகள், நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஊராட்சியின் கிராம சபையிலும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும், குடியிருப்போர் நலச் சங்கத்திலும் முடிவுகள் எடுக்கப்படும் முறையைக் கவனித்துப் பாருங்கள். பல இடங்களில் விவாதம் தொடங்கும் முன்பே தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்குச் சுற்றி வந்துவிடுகிறது. மாற்றுக் கருத்து உண்டா என்ற கேள்வி, எல்லோரும் எழுந்து நின்ற பிறகு கேட்கப்படுகிறது. யாராவது ஒருவர் எதிர்த்துப் பேசினால், அவர் சொல்வதை ஆராய்வதற்கு முன்னால் அவர் எந்தக் கட்சி, எந்தத் தெரு என்று ஆராய்கிறோம். வீடுகளிலும் இதே நிலைதான். நிலத்தை விற்பதும், அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதும், பெண்ணின் படிப்பை நிறுத்துவதும் கோபத்திலோ அவசரத்திலோ ஒரே மாலையில் முடிவாகின்றன. அவற்றின் விளைவை அந்தக் குடும்பம் முப்பது, நாற்பது ஆண்டுகள் சுமக்கிறது.

ஆகவே, பள்ளி நிர்வாகங்களுக்கும் கல்வித் துறைக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஆண்டுதோறும் செப்டம்பர் 22 அன்று நம் மாவட்டத்தின் ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களை காந்தியடிகள் தங்கியிருந்த மேலமாசி வீதி இல்லத்துக்கும், அவர் புதிய உடையில் மக்கள் முன் தோன்றிய காந்தி பொட்டலுக்கும், தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கிவரும் காந்தி அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே சொற்பொழிவு வேண்டாம். அரையாடை குறித்து அவர் எழுதிய கட்டுரையை மாணவர்களே உரக்கப் படிக்கட்டும். அந்த நான்கு நாள்களில் இராஜாஜியின் பக்கம் நின்று வாதாட ஒரு குழுவும், அவருக்குப் பதிலளிக்க மற்றொரு குழுவும் அமையட்டும். தங்கள் நாளிதழும் அந்நாளில் மாணவர் பக்கத்தில் அக்கட்டுரையைச் சுருக்காமல், நண்பர்கள் சொன்ன மறுப்புகள் உள்ள பகுதியையும் விட்டுவிடாமல், வெளியிட்டு உதவ வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
திருநகர், மதுரை.