சுகம் எண்டு மட்டும் சொல்லாதை, பிள்ளை

விசுவமடு,
வியாழக்கிழமை.

என்ரை ஆசைப் பிள்ளைக்கு அம்மா எழுதிக்கொள்வது,

போனில கதைக்கேக்க நீ இரண்டு சொல்லில முடிச்சுப்போடுவாய். அதாலதான் கொப்பித்தாளில எழுதுறன். தம்பி படம் பிடிச்சு உனக்கு அனுப்புவான். வேலை முடிஞ்சு வந்து, காலைத் தலையணையில தூக்கி வைச்சுக்கொண்டு ஆறுதலாய் வாசி.

பிளாஸ்ரர் வெட்டியாச்சு, வாற செவ்வாய் பிசியோவுக்கு வரச்சொல்லியிருக்கினம் எண்டாய். "நோகுதோ பிள்ளை?" எண்டு கேட்டன். "இல்லையம்மா, சுகம்" எண்டாய். 6 கிழமை கட்டுக்குள்ள கிடந்த கணுக்கால் நோகாமல் இருக்குமே? எனக்குச் சொன்னது பரவாயில்லை. அங்க போய் அந்தப் பிசியோப் பிள்ளைக்கும் இதையே சொல்லிப்போடுவாய் எண்டதுதான் என்ரை பயம்.

இந்தப் பழக்கம் உனக்கு எங்க தொடங்கினது எண்டு எனக்குத் தெரியும். 2009 மாசியில, கடைசிச் சண்டை நேரம், புதுமாத்தளனில பள்ளிக்கூடத்தை ஆசுப்பத்திரியாக்கி வைச்சிருந்த இடத்தில, உன்ரை வலது கெண்டைக்காலுக்கு மருந்து கட்டேக்க நீ என்ரை முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தனி. 8 வயது. வாய் திறக்கேல்லை. பிறகு செட்டிகுளம் அகதி முகாமில, இரவில காலைப் பிடிச்சுக்கொண்டு முழிச்சிருப்பாய். கேட்டால், "நோகேல்லை அம்மா, நுளம்பு கடிக்குது" எண்டுவாய். நான் அழுதுபோடுவன் எண்டு சொன்ன பொய் அது. வன்னியில அந்த நேரம் எல்லாரும் அப்பிடித்தான் இருந்தம். நோவைச் சொன்னாலும் குடுக்க மருந்து இல்லை. இப்ப சொன்னால் கேட்டுச் செய்யிறதுக்கு ஆள் இருக்கு, பிள்ளை.

என்ரை தோள் இறுகின கதையை உனக்கு முழுசாய்ச் சொன்னதில்லை. சீனி வருத்தக்காரருக்கும், 40 தாண்டின பொம்பிளையளுக்கும் தோள்மூட்டு இப்பிடி இறுகிப்போறது கூடவாம். எனக்கு ரெண்டும் இருந்தது. முதல், தலை இழுக்கேக்க ஒரு குத்து. பிறகு கொடியில உடுப்புப் போட ஏலாது. கடைசியில சட்டைக்குள்ள கை விட ஆள் தேவைப்பட்டது. நீ பொங்கலுக்கு வந்து நிக்கேக்க முடியை அள்ளி முடியாமல் றப்பர் பாண்ட் போட்டுக்கொண்டு திரிஞ்சனான். கேட்டனி. வேலை அவசரம் எண்டு சொன்னனான். அதுவும் பொய்தான்.

கிளிநொச்சிக்குக் காலமை பஸ்ஸில தருமபுரம், பரந்தன் எண்டு குலுங்கிக் குலுங்கிப் போனால், முதல் நாள் அங்கயிருந்த பிசியோப் பிள்ளை ஒரு மிசினும் பிடிக்கேல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம். கரண்ட் பிடிச்சு, உருவிவிட்டு அனுப்புவினம் எண்டு நினைச்சுப் போனனான். அவ கேள்வியாய்க் கேட்டா. எப்ப தொடங்கினது, இரவில எந்தப் பக்கம் படுக்கிறது, என்ன குளிசை போடுறது. "என்ன வேலை செய்ய ஏலாமல் இருக்கு அம்மா?" எண்டு கேட்டா. "தலை இழுக்க வேணும் மகள்" எண்டன். அதை அப்பிடியே எழுதினா. பிறகு பெரிய பாகைமானி மாதிரி ஒண்டைத் தோளில வைச்சு, கையை எவ்வளவு தூக்கலாம் எண்டு அளந்தா. 80 பாகை.

செவ்வாய்க்கிழமை உனக்கும் அப்பிடித்தான் இருக்கும். முதல் நாளில பாதி கதையும் அளவும்தான். ஒண்டும் செய்யேல்லை எண்டு நினையாதை. அண்டைக்கு எழுதுற இலக்கத்தை வைச்சுத்தான் பிறகு எல்லாம். என்ன செய்ய ஏலவேணும் எண்டு கேட்டால், "நடக்கவேணும்" எண்டு பொதுவாய்ச் சொல்லாதை. ரெண்டாம் மாடிக்குப் படி ஏறவேணும், ஓடுற பஸ்ஸில நிண்டு போகவேணும், குந்தியிருந்து உடுப்புத் தோய்க்கவேணும் எண்டு சொல்லு. குந்துறதுக்குக் கணுக்கால் நல்லாய் மடங்கவேணும். கதிரையிலயே இருக்கிற ஆளுக்கு அவ்வளவு தேவையில்லை. நீ சொன்னால்தானே அவைக்குத் தெரியும்.

என்ரை பிழைக்கு வாறன். மேசையைப் பிடிச்சுக் குனிஞ்சு கையைத் தொங்கவிட்டு ஆட்டுறது, சுவரில விரலால ஏறுறது, கப்பியில கயிறு போட்டு நல்ல கையால மற்றக் கையை இழுக்கிறது, இவ்வளவும் நாளுக்கு 3 தரம் செய்யச் சொன்னவ. நான் ரெண்டு நாள் செய்தன். நொந்தது, விட்டிட்டன். விதைப்பு நேரம் வேற. அடுத்த கிளினிக்கில "செய்தனீங்களோ அம்மா?" எண்டு கேட்க, "ஓம் மகள், 3 தரமும்" எண்டன். நோவோ எண்டு கேட்க, "பெரிசாய் இல்லை" எண்டன். அளந்தால் அதே 80.

அவ என்ன நினைப்பா, சொல்லு பார்ப்பம்? ஒழுங்காய்ச் செய்தும் மூட்டு அசையேல்லை, நோவும் இல்லை, அப்ப இன்னும் இறுக்கி நீட்டவேணும் எண்டுதானே. நீட்டினா. அண்டிரவு நான் சுவரில சாய்ஞ்சு இருந்தபடி விடியக் கண்டன். பிறகு 3 கிழமை கிளினிக் பக்கமே போகேல்லை. அவவில ஒரு பிழையும் இல்லை. நான் குடுத்த பொய்க் கணக்குக்குத்தான் அவ வைத்தியம் செய்தவ.

கப்பியை எங்கட குசினி வளையில கட்டித் தந்தது முன்வீட்டு அண்ணை. அவர் ஜெய்ப்பூர் செயற்கைக் காலோட வயலுக்குப் போய்வாறவர் எண்டு உனக்குத் தெரியும்தானே. பழைய கிணத்துக் கப்பிக்கு எண்ணெய் விட்டுக் கட்டிப்போட்டு, "போய் உண்மையைச் சொல்லுங்கோ தங்கச்சி" எண்டார். போய்ச் சொன்னன். அவ ஏசேல்லை. "எது செய்ய நோகுது, எந்த நேரம் வசதி?" எண்டு மட்டும் கேட்டா. மூண்டு பயிற்சியில ரெண்டைக் குறைச்சு ஒண்டை மட்டும் செய்ய விட்டா. காலமை கேத்தில் கொதிக்கிற நேரம் ஒருக்கா, கோழிக்குத் தீன் போட்டிட்டு ஒருக்கா, விளக்கு வைச்ச பிறகு ஒருக்கா எண்டு வேலையோட சேர்த்துக் கட்டிவிட்டா. விரல் ஏறின இடத்தில கரியால கோடு போடச் சொன்னவ. குசினிச் சுவரில அந்தக் கோடுகள் இப்பவும் ஏணி மாதிரி இருக்கு. சில கிழமை ஒரு நூலளவுதான் ஏறினது. கொண்டை முடிய ஒண்டரை வருசம் எடுத்தது.

நோவைப் பற்றி அவ சொல்லித் தந்ததை எழுதுறன். நீட்டேக்க இழுபட்டு நோகும், நிப்பாட்டினால் கொஞ்ச நேரத்தில அடங்கும். அது வரும், அதுக்குப் பயந்து விடாதை. கத்தியால குத்தின மாதிரி திடீரெண்டு வந்தாலும், இரவு நித்திரையைக் குழப்பினாலும், அடுத்த நாள் காலமையும் கூடின நோவும் வீக்கமும் நிண்டாலும் செய்தது கூடிப்போச்சு. குறைச்சுச் செய்துபோட்டு அடுத்த முறை அதைச் சொல்லு. நோவு பத்துக்கு எத்தினை எண்டு கேட்டால் மனசில வாற இலக்கத்தைச் சொல்லு. மரியாதைக்குக் குறைக்காதை.

இனி முக்கியமான விசயம். உன்ரை கெண்டைக்காலுக்குள்ள கிடக்கிற செல் துண்டு, அந்த எறிகணை இரும்பு. எடுக்க வெளிக்கிட்டால் நரம்பு பழுதாயிடும் எண்டு விட்டவை. அது அங்க இருக்கிறதையே நீ மறந்திருப்பாய். கணுக்காலுக்கு எடுத்த எக்ஸ்ரேயில அந்த இடம் வந்துதோ என்னவோ. அவை கேட்க முதல் நீயே சொல்லு. ஆழமாய்ச் சூடு குடுக்கிற சோர்ட்வேவ் எண்டு ஒரு மிசின் இருக்கு. உள்ளுக்கு இரும்பு கிடக்கிற இடத்தில அதைப் பிடிச்சால் சுத்தியிருக்கிற தசை வெந்துபோகலாம். எப்பவாவது எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கச் சொன்னாலும் இதை முதல் சொல்லவேணும், அது பெரிய காந்தம். அந்தத் தழும்பைச் சுத்தித் தொட்டால் உனக்குச் சரியாய் உணர்வு இல்லை எண்டு ஒருக்காச் சொன்னனி. உணர்வில்லாத தோலில சுடுதண்ணிப் பையோ ஐஸோ வைச்சால் புண்ணாகும்வரை தெரியாது. அதையும் சொல்லு. எப்பிடி வந்தது எண்டு கேட்டால் விருப்பமெண்டால் சொல்லு, இல்லாட்டி "சின்ன வயசில பட்டது" எண்டு விடு. இரும்பு இருக்கு எண்டதை மட்டும் ஒளிக்காதை.

ஆசுப்பத்திரியில தந்த டயக்னோசிஸ் கார்டையும் எக்ஸ்ரேயையும் கொண்டு போ. குளிசைப் பேரை எழுதிக் கொண்டு போ. இறுக்கமான கால்சட்டை போடாதை, முழங்கால்வரை மடிக்கக்கூடிய லூசான ஒண்டு போடு. ஆம்பிளையாள் எண்டால் உனக்குக் கூச்சம் வரும், பொம்பிளைப் பிள்ளை ஆரும் இருக்கினமோ எண்டு கேட்கிறதில தப்பில்லை. காலில எவ்வளவு பாரம் போடலாம் எண்டு எலும்பு டொக்டர் சொன்னதைத் தெளிவாய்ச் சொல்லு, சொல்லேல்லை எண்டால் போக முதல் கேள்.

கட்டு வெட்டின காலைப் பார்த்துப் பயந்திருப்பாய். கெண்டைக்கால் சூம்பிக் கிடக்கும், தோல் செதில் செதிலாய் உரியும், பின்னேரமானால் பாதம் வீங்கும். வீக்கம் மாதக்கணக்கில வந்து போகும். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல வைச்சுக்கொண்டு படு. ஆனால் கெண்டைக்கால் திடீரெண்டு வீங்கிச் சிவந்து சூடாய் நொந்தால், அல்லது மூச்சு இழுபட்டால், பிசியோ நாளுக்குக் காத்திராதை, உடன ஆசுப்பத்திரிக்குப் போ. இரத்தக் குழாய்க்குள்ள இரத்தம் கட்டியிருக்கலாம்.

பெரியம்மா எண்ணெய் காய்ச்சி அனுப்பப் போறாவாம், உருவிவிட ஆளும் சொல்லுவா. தோலுக்கு எண்ணெய் பூசு, அது நல்லது. பொருந்தி வாற எலும்பை இழுத்து உருவ ஆரையும் விடாதை. பெரியம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்.

கால் பெருவிரலால காற்றில எழுத்து எழுதச் சொல்லுவினம். இங்கிலிசு எழுத்துச் சொன்னாலும் நீ எங்கட எழுத்தை எழுது. நான் இருந்து எழுதிப் பார்த்தனான். 'ட' வில கால் சும்மா இருக்கு. 'ஞ', 'ஐ', 'ழ' எழுதேக்கதான் கணுக்கால் எல்லாப் பக்கமும் சுழலுது. குதிக்கால் அசையாமல், முழங்காலும் திரும்பாமல், பாதம் மட்டும் எழுதவேணும். உனக்கு முதன்முதல் எழுத்துக் காட்டினது நான்தானே, அந்த நேரம் 'ஞ' வில நீ பட்ட பாடு நினைவிருக்கு.

தடியை நல்ல கால் பக்கத்துக் கையில பிடி. கனபேர் மாறிப் பிடிக்கினம். படி ஏறேக்க நல்ல கால் முதல், இறங்கேக்க நொந்த கால் முதல். பஸ் சரியாய் நிக்காமல் இனி மிதிபலகையில காலை வையாதை. அவன் கத்தினால் கத்தட்டும்.

இஞ்ச மழை தொடங்கீட்டுது, காலபோக விதைப்பு நடக்குது. தம்பி வயலுக்கால வந்து சேற்றுக் காலோட நிண்டு, எழுதி முடிச்சாச்சோ எண்டு கேட்கிறான்.

செவ்வாய் பின்னேரம் போன் எடு. எப்பிடி எண்டு கேட்கமாட்டன். எத்தினை பாகை மடங்கினது, எதைச் செய்யேக்க நொந்தது எண்டு கேட்பன். எழுதி வைச்சுக்கொண்டு எடு.

அன்புடன்,
அம்மா