தொடுதிரையில் மண்ணடுக்கும் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அருங்காட்சியகங்களில் தொடுதிரைகளும் மெய்நிகர் காட்சிகளும் பெருகிவருவது மிகவும் வரவேற்கத்தக்கது. ஆனால், பேழைக்குள் இருக்கும் பொருளின் பெயரையும் காலத்தையும் மறுபடி எழுதிக்காட்டத் திரை எதற்கு? அதற்கு அச்சிட்ட பலகையே போதும். பேழையால் காட்ட முடியாததைத் திரை காட்ட வேண்டும்.

2023 மார்ச் 5 அன்று அருங்காட்சியகம் திறக்கப்பட்ட கீழடியையே எடுத்துக்கொள்வோம். அங்கே கிடைத்த பானையோடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ என்னும் பெயர்கள் தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டுள்ளன. இத்தகைய மெல்லிய கீறல்கள் நேர் வெளிச்சத்தில் மங்கிவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியிலோ, பள்ளத்தில் நிழல் தங்கி ஒவ்வொரு கோடும் தெளிவாகும். விளக்கை ஒவ்வொரு திசையிலும் வைத்துப் பல படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றுசேர்த்துவிட்டால், பார்வையாளரே விரலால் ஒளியை நகர்த்தி அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். கல்வெட்டறிஞர் மட்டுமே பெற்றுவந்த அனுபவம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் கிடைக்கும்.

மண்ணடுக்கும் அப்படித்தான். அகழாய்வுக் குழியிலிருந்து எடுத்த மறுகணமே, ஒரு பொருள் தான் கிடந்த ஆழத்தையும் அண்டையில் கிடந்தவற்றையும் இழந்துவிடுகிறது. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமாதிரி கி.மு. 580-ஐயும், 200 சென்டிமீட்டரில் எடுத்தது கி.மு. 205-ஐயும் சுட்டின. திரையில் குழியின் சுவரை வரைந்து, விரல் கீழே இறங்க இறங்க அந்தந்த ஆழத்தின் பொருள்கள் தோன்றும்படி செய்தால், காலக்கணிப்பு எப்படி நடக்கிறது என்பதை யாரும் விளக்காமலேயே மக்கள் புரிந்துகொள்வார்கள்.

பண்டைய வீடுகளையும் தெருக்களையும் மீட்டுருவாக்கிக் காட்டும்போது, கிடைத்த சுவர் எது, ஊகித்த கூரை எது என்பதை நிறத்தாலாவது பிரித்துக் காட்டுவது கட்டாயம். ஊகத்தையும் சான்றையும் பார்வையாளர் வேறுபடுத்தி அறிய வேண்டும் என்று, இத்தகைய கணினிக் காட்சிகளுக்கான லண்டன் சாசனமும் வலியுறுத்துகிறது. நம் தொன்மையை ஐயுறுவோர் உள்ள நிலையில் இந்த நேர்மை நமக்கு இன்னும் தேவை.

தூத்துக்குடி மாவட்டத்தின் தொன்மையான இடுகாடான ஆதிச்சநல்லூருக்கு இதன் பயன் மிகப் பெரிது. 1876-இல் ஜெர்மானிய ஆய்வாளர் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஓர் இடுகாட்டின் பொருள்கள் இரு கண்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. இரண்டையும் முப்பரிமாணத்தில் பதிவுசெய்து, ஆதிச்சநல்லூரில் ஒரே திரையில் சேர்த்துக் காட்ட, தொல்லியல் துறையினர் பெர்லின் அருங்காட்சியகத்தாருடன் பேச்சு நடத்த வேண்டும் எனத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை