சீட்டுப் போட்டுப் பார்க்கிற காரியமா இது?

அன்புள்ள எஸ்தர்,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. அயனாவரத்தில் மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத் தடுப்பை இன்னும் எடுக்கவில்லை, கோயிலுக்குப் போவதென்றால்கூட ஊரைச் சுற்றித்தான் போகிறோம். பெரியம்மா உன்னை விசாரித்தார்கள்.

என் மகள் சின்னவள் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகிறாள். முடிவாகிவிட்டது. ஓஇடி என்கிற ஆங்கிலத் தேர்வு, சிபிடி என்கிற கம்ப்யூட்டர் தேர்வு இரண்டும் பாஸ், ஓஸ்கி என்கிற செய்முறைப் பரீட்சை மட்டும் அங்கே போய்க் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், பேச்சு நடக்காது. அதோடு நீ போன வாரம் வேலையை விடப் போவதாகச் சொன்னாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

முதலில் இவள் கதையைக் கேள். வருஷப் பிறப்பு ஆராதனையில் இவள் எடுத்த, வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையில் ஆதியாகமம் 12:1 வந்தது. 'நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டு' என்று இருந்ததைப் பார்த்ததும் பெரியம்மா கோயில் வாசலிலேயே இவள் போகத்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பிள்ளைக்கு நிம்மதி போயிற்று. ஏஜென்சியிலிருந்து மெயில் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் கர்த்தர் சம்மதித்தார் என்று அர்த்தம், வராவிட்டால் இல்லை என்பாள். கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறப்பாள், விரல் பட்ட வசனத்தில் பதில் தேடுவாள். ஒரு நாள் அவள் தலையணையைத் தட்டிப் போடும்போது இரண்டு சீட்டு விழுந்தது. மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகிதக் கவரைக் கிழித்து, நாலாக மடித்து, ஒன்றில் 'போ', இன்னொன்றில் 'இரு'. வார்டில் நைட் ட்யூட்டியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு நாளில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை முடிவு எடுக்கிற பெண்! தன் வாழ்க்கை என்று வந்ததும் கவர்க் காகிதத்திடம் போய்க் கேட்கிறாள்.

வேதத்திலேயே சீட்டுப் போட்டார்களே என்பாய். போட்டார்கள்தான், யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்க. அது அப்போஸ்தலர் முதல் அதிகாரம். இரண்டாம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்கினார், அதற்குப் பிறகு சபை சீட்டுப் போட்டதாக அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. 15-ம் அதிகாரத்தில் அவ்வளவு பெரிய விவாதம் வந்தபோது கூடினார்கள், பேசினார்கள், வேதவாக்கியத்தைப் பார்த்தார்கள், கடைசியில் 'பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது' என்று எழுதினார்கள். 'எங்களுக்கும்' என்று சேர்த்து எழுதுகிற அளவுக்குக் கர்த்தர் அவர்களுடைய மனதையும் அந்த முடிவில் பங்காளியாக்கினார். எனக்கு அதை வாசிக்கும்போதெல்லாம் சிலிர்க்கும். கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு தேவனிடம் அடையாளம் கேட்டான் என்பதும் சரிதான், ஆனால் யுத்தத்துக்குப் போகச் சொல்லி ஏற்கெனவே கட்டளை வாங்கிய பிறகுதானே போட்டான்? தெரியாததைத் தெரிந்துகொள்வதற்காக அல்ல, பயத்தினால்.

எங்கள் சபையில் புதன்கிழமை வேதபாடத்தில் ரோமர் நிருபத்தை ஆரம்பத்திலிருந்து வரிசையாகப் படித்துவந்தோம், 12-ம் அதிகாரம் வந்தபோது இவளும் கூட இருந்தாள். 'தேவனுடைய நன்மையும் பிரியமும் பரிபூரணமுமான சித்தம் இன்னதென்று பகுத்தறியத்தக்கதாக, உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்.' இந்த வசனத்தை நாமிருவரும் ஓய்வுநாள் பள்ளியில் போட்டிக்கு மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் 11 அதிகாரம் இரக்கத்தைப் பற்றிச் சொல்லி முடித்துத்தான் பவுல் இதற்கு வருகிறார் என்பதை வரிசையாகப் படிக்கும்போதுதான் உணர முடிகிறது. முதலில் இரக்கம், அப்புறம் நம்மை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பது, அப்புறம் மனம் புதிதாவது, அதற்கும் பிறகுதான் சித்தம் பிடிபடுகிறது. நாமோ முதல் மூன்றையும் தாண்டிவிட்டு நேரே நாலாவதைக் கையில் கொடுங்கள் என்கிறோம். உன் அம்மா மீன் குழம்புக்கு உப்பை அளந்து போட்டு நான் பார்த்ததில்லை, ஆனாலும் ஒரு நாளும் பிசகாது, எத்தனை வருஷத்துக் கை அது! பகுத்தறிவதும் அப்படித்தான் வரும் என்று நம்புகிறேன். தினமும் வசனத்தில் ஊறி, மன்னித்து, மனந்திரும்பி, பிறர் பாரத்தைச் சுமந்து பழகிய மனதுக்குத்தான் அது வரும், அவசரத்துக்கு ஒரு நாள் உபவாசம் இருந்தால் வந்துவிடாது.

பெரியம்மா உடனே நீதிமொழிகள் 3:5-ஐ எடுத்துவிட்டார்கள், 'உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்'. நல்ல வசனம், நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் எதையும் யோசிக்காமல், வருகிற முதல் எண்ணத்தைக் கர்த்தர் பேசினார் என்று எடுத்துக்கொள்வதும் சுயபுத்திதானே எஸ்தர்? இன்னும் மோசமான சுயபுத்தி, யாரும் கேள்வி கேட்க முடியாதது.

சின்னவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு மேஜையில் பழைய ரெக்கார்டு நோட்டை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஏன் போக ஆசைப்படுகிறேன் என்று தலைப்பு. தம்பியின் படிப்புக் கடன், நல்ல பயிற்சி, சம்பளம், அதற்குக் கீழே 'சிஸ்டர் இன்சார்ஜ் முகத்தில் விழிக்க வேண்டாம்' என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். வார்டுக்குப் பொறுப்பான அந்த அம்மாவுக்கும் இவளுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை, உனக்குத் தெரியும். 'அம்மா, இதுக்காகப் போனா அது ஓடிப்போறது. முதல்ல இதைச் சரி பண்ணணும்' என்றாள். ரோமர் 12-ஐயே கொஞ்சம் கீழே வாசித்திருக்கிறாள், 'கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்' என்று இருக்கிறதே. போய்ப் பேசினாள். அந்த அம்மா கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை, 'சரி, உட்கார்' என்றாராம். அதுவே பெரிது. அதன் பிறகு எங்களிடம் பேசினாள், சபைப் போதகர் ஐயரிடம் பேசினாள், அங்கே வேலை பார்க்கிற சீனியர்களிடம் விசாரித்தாள், ஜெபித்தாள், போகிறேன் என்றாள். தெரியவில்லையே என்று தவித்த முகம் இப்போது அவளுக்கு இல்லை.

பெரியம்மா இப்போது 'பார்த்தாயா, அட்டை பலித்தது' என்று தெரு முழுக்கச் சொல்கிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை. முடிவு ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளை வேறு, மனம் தெளிந்து போகிற பிள்ளை வேறு. அங்கே போய்க் குளிரிலும் தனிமையிலும் கஷ்டம் வந்தால் தப்பாக வந்துவிட்டோமோ என்று முதலாவது பிள்ளை உடைந்துபோவாள். பவுலே ரோமாபுரிக்கு வர ஜெபித்தார், அங்கிருந்து ஸ்பானியாவுக்குப் போகத் திட்டம் என்று அதே நிருபத்தில் எழுதினார். கடைசியில் கப்பல் உடைந்து, கைதியாகத்தான் ரோமாபுரிக்குள் வந்தார். சித்தத்தைப் பகுத்தறியச் சொன்னவருக்கே வழி முழுக்கத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது உன் விஷயம். ஜெபக்குழுவில் அந்தச் சகோதரி உன் தலையில் கை வைத்து 'டீச்சர் வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வா' என்று கர்த்தர் சொல்வதாகச் சொன்னார்கள், அதனால் ராஜினாமா என்கிறாய். அவர்களை நான் குறை சொல்லவில்லை. தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே என்றும் எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்றும் 1 தெசலோனிக்கேயர் 5-ல் அடுத்தடுத்துத்தானே எழுதியிருக்கிறது. நீ முதலாவதைச் செய்துவிட்டாய், இரண்டாவதைச் செய்தாயா? செசரியாவில் அகபு என்கிற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கையையும் காலையும் கட்டிக்கொண்டு, எருசலேமில் பவுலை இப்படிக் கட்டுவார்கள் என்று சொன்னது உண்மையான தீர்க்கதரிசனம். கூட இருந்தவர்கள் அதைக் கேட்டு, எருசலேமுக்குப் போகாதீர் என்று அழுதார்கள். பவுல் போனார். நடக்கப் போவதை அகபு சொன்னான், என்ன செய்வது என்பதைப் பவுல்தான் கர்த்தருக்கு முன்பாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. உனக்காக இன்னொருவர் தீர்மானிக்க முடியாதடி.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், உன்னிடம் மட்டும் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்கிறவர்கள், அவர்களிடம் நீ செய்வது எந்த நேர ஊழியம்? ஒருவேளை நீ வேலையை விடுவதே கர்த்தருடைய சித்தமாக இருக்கலாம். அப்படியானால் நான் முதல் ஆளாக உனக்காக ஜெபிப்பேன், முடிந்த பணமும் அனுப்புவேன். ஆனால் அந்தத் தலைமையாசிரியரோடு உனக்கிருக்கிற மனக்கசப்பு இதில் எவ்வளவு என்று பார்த்தாயா? இதை உன்னிடம் கேட்க வேறு யாருக்கும் தைரியம் வராது.

ராஜினாமாக் கடிதத்தை ஒரு மாதம் தள்ளிப்போடு. கர்த்தர் அழைத்திருந்தால் ஒரு மாதத்தில் அழைப்பு கெட்டுப்போகாது. உன் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை என்றாயே, அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அவரிடம் சொல், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

உன் அன்புள்ள,
கிரேஸ்